எங்களைச் சோதித்துப் பாருங்கள்

அரசு மருத்துவமனைப் பணியிடங்களுக்குத் தகுதி விதி எழுதும் அதிகாரிகளுக்கு,

போன மாதம் என் விண்ணப்பம் திரும்பி வந்தது. மேல் மூலையில் சிவப்பு மையில் ‘உரிய தகுதி இல்லை’ என்று எழுதி, கீழே ஒரு சுழி. கையெழுத்து என்றால் கையெழுத்து, கிறுக்கல் என்றால் கிறுக்கல். நான் கேட்டிருந்தது அவசர சிகிச்சைப் பிரிவில் ஒப்பந்த உதவியாளர் வேலை. ராணுவ மருத்துவப் படையில் நர்ஸிங் அசிஸ்டென்டாக 24 ஆண்டுகள் இருந்து, ஹவில்தாராக ஓய்வு பெற்றவன் நான். சொந்த ஊர் நாங்குநேரிப் பக்கம். இப்போது ஒரு தனியார் மருத்துவமனையின் வாசலில் செக்யூரிட்டி வேலை பார்க்கிறேன். அந்த வேலைக்கு என்னிடம் யாரும் தகுதி கேட்கவில்லை. படையிலிருந்து விடுபடும்போது தந்த டிஸ்சார்ஜ் புக்கின் முதல் பக்கமே போதும் என்றார்கள்.

அந்த விண்ணப்பத்தை நானாக ஆசைப்பட்டுப் போடவில்லை. போடச் சொன்னவர் ஒரு டாக்டர். அதைச் சொன்னால்தான் என் கோபத்தின் காரணம் உங்களுக்குப் புரியும்.

போன பிசான நெல் பருவத்தின்போது, எனக்குச் சின்னம்மை முறையாகும் ஒருவரை வாழைத் தோட்டத்தில் பாம்பு கடித்தது. சருகு அறுத்துக்கொண்டிருந்தவர், வலது கணுக்காலுக்கு மேலே. கூட இருந்த பையன் பாம்பைப் பார்த்திருந்தான். முதுகில் சங்கிலி போட்டது போலப் புள்ளி என்றான். கண்ணாடி விரியன். நான் போய்ச் சேர்ந்தபோது ஒருவர் கயிறு கொண்டுவந்துவிட்டார், இன்னொருவர் பிளேடு. வேர் கொடுக்கும் வைத்தியரிடம் போவதா வேண்டாமா என்று இரண்டு கட்சி. நான் கயிற்றைக் கட்டவிடவில்லை, பிளேடை வாங்கி வாய்க்காலில் எறிந்தேன். கொலுசையும் மெட்டியையும் கழற்றினேன். கால் அசையாமல் இருக்க இரண்டு தென்னை மட்டையை வைத்து, துண்டால் தளரக் கட்டினேன். பிறகு சட்டைப் பையில் இருந்த பால்பாயிண்ட் பேனாவை எடுத்து, வீக்கம் முடியும் இடத்தில் தோலின் மேல் ஒரு கோடு போட்டு, பக்கத்தில் 10.20 என்று எழுதினேன். ஆட்டோ வருவதற்குள் 10.40-க்கு ஒரு கோடு. வழியில் 11 மணிக்கு ஒன்று. மூன்றாவது கோடு முழங்காலை நெருங்கிவிட்டது.

தாலுகா மருத்துவமனையில் அன்று பணியில் இருந்தவர் ஓர் இளம் பெண் மருத்துவர். சின்னம்மையின் காலைப் பார்த்தவுடன் அந்தக் கோடுகளின் மேல் கை வைத்து, “இது யார் எழுதியது?” என்று கேட்டார். மற்றவர்கள் என்னைத் தள்ளிவிட்டார்கள். ஏதோ தப்புச் செய்துவிட்டேன் என்று அவர்களுக்கு நினைப்பு. கண்ணாடிக் குழாயில் ரத்தம் எடுத்து அசையாமல் நிறுத்தினோம். இருபது நிமிடம் கழித்துச் சாய்த்தால் தண்ணீர் போல ஓடியது, உறையவே இல்லை. விஷமுறிவு மருந்து ஏற ஆரம்பித்தது. கூட்டத்தை வெளியே அனுப்பிய டாக்டர் என்னை மட்டும் போகச் சொல்லவில்லை. அன்றிரவு முழுவதும் வீக்கத்தின் கோட்டையும் சிறுநீரின் அளவையும் நான்தான் குறித்துக் கொடுத்தேன். ஆறு நாளில் சின்னம்மை நடந்து வீட்டுக்கு வந்தார். டிஸ்சார்ஜ் ஆகும் நாளில் அந்த டாக்டர் கேட்டார்: “நீங்கள் ஏன் அண்ணாச்சி வாசலில் நிற்கிறீர்கள்? உள்ளே ஆள் இல்லாமல் நாங்கள் திண்டாடுகிறோம், எழுதிப் போடுங்கள்.”

எழுதிப் போட்டேன். சான்று சரிபார்ப்புக்குக் கூப்பிட்டார்கள். மேசைக்குப் பின்னால் இருந்தவர் டிஸ்சார்ஜ் புக்கைப் புரட்டினார். அதில் என் தொழில், நான் தேறிய வகுப்புகள், பயிற்சிகள் எல்லாம் வரிசையாக இருக்கின்றன. எங்கள் படையில் நர்ஸிங் அசிஸ்டென்ட் மூன்றாம் வகுப்பில் தொடங்கி, தேர்வெழுதித் தேறி, இரண்டாம் வகுப்புக்கும் பிறகு முதல் வகுப்புக்கும் வர வேண்டும். நான் முதல் வகுப்பு. அவருடைய விரல் அந்தப் பக்கங்களில் எங்கும் நிற்கவில்லை. ‘கல்வி: பிளஸ் டூ’ என்ற வரியில் போய் நின்றது. அதற்கு மேல் அவர் படிக்கவில்லை. ஆனாலும் நல்ல மனிதர், எனக்காக இரக்கப்பட்டார். பட்டதாரிக்குச் சமம் என்று ராணுவத்தில் கொடுத்த சான்று என் கோப்பில் இருப்பதைப் பார்த்துவிட்டு, “இதை வைத்து எழுத்தர் வேலைக்கு எழுதலாமே” என்றார்.

அந்தச் சான்றின் கதை உங்களுக்குத் தெரிந்திருக்கும். பத்தாம் வகுப்பு முடித்து, படையில் 15 ஆண்டுகள் பணியாற்றியவரை மத்திய அரசின் குரூப் சி பணிகளுக்குப் பட்டதாரியாகக் கருதலாம் என்பது 1986-ஆம் ஆண்டு ஆணை. அதிலேயே ஒரு நிபந்தனை: தொழில்நுட்ப அனுபவமோ தொழில்முறை அனுபவமோ கட்டாயமான வேலைகளுக்கு அது செல்லாது. கோப்பு தூக்கப் போனால் நான் பட்டதாரி. 24 ஆண்டுகள் செய்த வேலையைச் செய்யப் போனால் வெறும் பிளஸ் டூ. எனக்கு எந்த அனுபவமும் இல்லாத இடத்தில் மட்டுமே என் அனுபவம் செல்லுபடியாகிறது.

அந்த 24 ஆண்டுகளில் என்ன செய்தேன் என்று முழுவதும் எழுதினால் மடல் தாங்காது. ஓர் இரவை மட்டும் சொல்கிறேன். சியாச்சினில் பதினெட்டாயிரம் அடிக்கு மேலே ஒரு காவல் நிலை. டாக்டர் கீழே இருக்கிறார். மேலே மருத்துவம் என்றால் நானும் ஒரு பெட்டியும். இருபத்து மூன்று வயதுப் பையன் ஒருவன் மாலையில் இருமத் தொடங்கினான். இரவு ஒன்பதுக்கு மூச்சில் களகளவென்று சத்தம், உதடு நீலம், கக்கினால் ரோஸ் நிறத்தில் நுரை. உயரத்தால் நுரையீரலில் நீர் கோத்துக்கொள்ளும் நோய். ரேடியோவில் டாக்டரைப் பிடித்தேன். ஆக்சிஜன், அவர் சொன்ன மாத்திரை, பிறகு காற்றழுத்தப் பை. பத்தமடைப் பாயைச் சுருட்டியது போல ஆளை உள்ளே வைத்து ஜிப்பை மூடிவிடும் பை அது. காற்றை ஏற்றினால், உள்ளே இருப்பவனுக்குச் சில ஆயிரம் அடி கீழே இறங்கிவிட்டது போல. ஆனால் பம்பை மிதித்துக்கொண்டே இருக்க வேண்டும், நிறுத்தினால் அவன் விட்ட மூச்சே அவனுக்கு விஷம். நானும் இரண்டு ஜவான்களும் மாற்றி மாற்றி மிதித்தோம். பையில் ஒரு சின்னக் கண்ணாடி ஜன்னல் உண்டு. டார்ச் அடித்து அதன் வழியாக அவன் உதட்டின் நிறத்தையும் விரலில் மாட்டிய கருவியின் எண்ணையும் பார்த்துப் பார்த்துக் குறித்துக்கொண்டேன். ஹெலிகாப்டர் விடிந்துதான் வர முடியும். வந்தது. அவன் பிழைத்தான்.

இதைப் பெருமைக்காகச் சொல்லவில்லை. அந்தக் காற்றழுத்தப் பையின் பக்கத்தில் நான் பார்த்த வேலைக்கும் உங்கள் அவசர சிகிச்சைப் பிரிவில் ஒருவர் பார்க்க வேண்டிய வேலைக்கும் என்ன வேறுபாடு என்று கேட்கத்தான். மூச்சைக் கவனிப்பது, எண்ணைக் குறிப்பது, டாக்டர் சொன்னதைச் சொன்ன அளவில் கொடுப்பது, நிலைமை மாறினால் உடனே சொல்வது. உங்கள் இடத்தில் குளிர் இல்லை, டாக்டர் பத்தடி தூரத்தில் இருப்பார்.

சட்டம் இடம் தரவில்லை என்ற பதிலையும் கேட்டுவிட்டேன். அதனால் சட்டத்தையே பார்த்தேன். 2021-ஆம் ஆண்டின் துணை மருத்துவ, சுகாதாரத் தொழிலர் ஆணையச் சட்டம் அவசர மருத்துவத் தொழில்நுட்பரையும் தன் அட்டவணையில் சேர்த்திருக்கிறது. துணை மருத்துவத் தொழிலர் என்று ஏற்க, இரண்டு முதல் நான்கு ஆண்டுகளில் குறைந்தது 2,000 மணி நேரப் படிப்பு வேண்டும் என்கிறது. நல்ல விதி. நான் அதை எதிர்க்கவில்லை. என் கணக்கை மட்டும் பாருங்கள். விடுமுறை, அணிவகுப்பு, காவல், சமையற்கட்டு மேற்பார்வை எல்லாம் போக, ஆண்டில் 150 நாள்தான் நோயாளிகளோடு இருந்தேன் என்று வையுங்கள். நாளுக்கு எட்டு மணி. ஆண்டுக்கு 1,200. அப்படி 24 ஆண்டுகள். இது உழைத்த மணி, படித்த மணி அல்ல என்பீர்கள். சரி. லக்னோவில் எங்கள் படை மையத்தில் வகுப்பில் உட்கார்ந்தோம், ராணுவ மருத்துவமனை வார்டுகளில் பயின்றோம், வகுப்பு உயர்வுக்கு மறுபடி படித்தோம். அதை மட்டுமாவது எண்ணுங்கள். எண்ணிவிட்டு 2,000-க்குக் குறைகிறது என்றால், எத்தனை மணி குறைகிறது என்று சொல்லுங்கள், அதைப் படித்து முடிக்கிறேன். இதுவரை யாரும் எண்ணவே இல்லை என்பதுதான் என் புகார்.

அனுபவத்தைச் சட்டம் ஏற்றதே இல்லையா என்றால், ஏற்றிருக்கிறது. 1948-ஆம் ஆண்டின் மருந்தியல் சட்டப்படி முதல் பதிவேடு தொகுக்கப்பட்டபோது, மருத்துவமனையிலோ மருந்தகத்திலோ ஐந்து ஆண்டுகள் மருந்து கலந்து கொடுத்தவர்களுக்கும் அதில் இடம் தந்தார்கள். இன்றைக்கும் ஓர் எடுத்துக்காட்டு உண்டு. முன்னாள் படைவீரர்களுக்காக 2003-இல் தொடங்கிய பங்களிப்பு மருத்துவத் திட்டத்தின் பாலிகிளினிக்குகளில் நர்ஸிங் அசிஸ்டென்டை ஒப்பந்தத்தில் எடுக்கும்போது, மூன்றாண்டு செவிலியர் டிப்ளமோ அல்லது ராணுவத்தின் முதல் வகுப்பு நர்ஸிங் அசிஸ்டென்ட் பயிற்சி என்று இரண்டையும் ஒரே வரியில் எழுதுகிறார்கள். அந்த ‘அல்லது’ என்ற ஒரு சொல்தான் உங்கள் அறிவிப்பில் இல்லை. அங்கும் ஊசி போடுவது மனிதர்களுக்குத்தான். என் அப்பா அப்படி ஒரு பாலிகிளினிக்கில் சர்க்கரைக்கு மருந்து வாங்குகிறார், என்னைப் போன்ற ஒருவர்தான் அவருக்கு ரத்த அழுத்தம் பார்க்கிறார். அதே கை அரசு மருத்துவமனைக்குள் வந்தால் தீட்டாகிவிடுமா?

கொஞ்சம் பின்னால் போனால் இன்னும் வேடிக்கை. சென்னைப் பொது மருத்துவமனையே 1664-இல் கம்பெனிப் படையாட்களுக்காகத் தொடங்கியதுதான். அதை ஒட்டி 1835-இல் ஒரு மருத்துவப் பள்ளி வந்தது. படைக்கு வேண்டிய மருந்தாளர்களையும் காயத்துக்குக் கட்டுப்போடும் டிரஸ்ஸர்களையும் பழக்குவதற்கான பள்ளி. 1850-இல் அதுவே மெட்ராஸ் மருத்துவக் கல்லூரி ஆயிற்று. இந்த மாநிலத்தின் மருத்துவப் படிப்பு எங்கள் வேலையிலிருந்து கிளைத்தது என்று சொன்னால் தவறாகாது.

மருத்துவர் உதவியாளர் என்று நம் மருத்துவப் பல்கலைக்கழகத்தில் ஒரு பட்டப்படிப்பு இருக்கிறது. அது எங்கே பிறந்தது என்று தெரியுமா? 1965-இல் அமெரிக்காவின் டியூக் பல்கலைக்கழகத்தில், யூஜீன் ஸ்டெட் என்ற மருத்துவர் அதைத் தொடங்கினார். டாக்டர்கள் போதவில்லை, கடற்படையில் மருத்துவ உதவியாளராக இருந்து திரும்பியவர்கள் ஊரில் வேலையில்லாமல் இருந்தார்கள். முதல் வகுப்பில் சேர்ந்த நான்கு பேரும் அப்படிப்பட்டவர்கள். இரண்டு ஆண்டுப் பயிற்சி, 1967-இல் அவர்களில் மூன்று பேர் முடித்து வெளியே வந்தார்கள். படையிலிருந்து வந்தவர்களை வீணாக்காமல் இருக்கக் கண்டுபிடித்த தொழில் அது. நம் நாட்டுக்கு 1992-இல் சென்னை வழியாகத்தான் வந்தது. வரும் வழியில் யாருக்காகத் தொடங்கினார்களோ அவர்களை மட்டும் இறக்கிவிட்டுவிட்டது. நான் இன்று அதில் சேர வேண்டுமென்றால், பிளஸ் டூ முடித்த பிள்ளைகளோடு முதலாம் ஆண்டில் உட்கார்ந்து, ரத்த அழுத்தம் எடுப்பது எப்படி என்று கற்க வேண்டும். என் மகள் வயதுப் பிள்ளைகள். அதற்குக்கூட வெட்கப்பட மாட்டேன், நான்கு ஆண்டுகள் வீட்டை யார் பார்ப்பது என்பதுதான்.

டியூக்கில் அந்த வகுப்பு தொடங்கிய அதே 1965-இல்தான் நம் ஊர் ஐகிரவுண்டில் திருநெல்வேலி மருத்துவக் கல்லூரியும் தொடங்கியது. தற்செயல்தான். ஆனாலும் அந்த வழியே பஸ்ஸில் போகும்போதெல்லாம் எனக்கு அது நினைவுக்கு வருகிறது.

எனக்குத் தெரியாததையும் சொல்லிவிடுகிறேன். என் நோயாளிகள் பெரும்பாலும் இருபதிலிருந்து நாற்பது வயது ஆண்கள், சேரும்போதே உடல் பரிசோதனையில் தேறியவர்கள். பிரசவம் நான் பார்த்தது ஒன்றே ஒன்று. மலைக் கிராமத்தில், வேறு வழி இல்லாமல். குழந்தைக்கு எடை பார்த்து மருந்தளவு கணக்கிடுவதில் எனக்குப் பழக்கம் போதாது. தடுப்பூசி அட்டவணையை இப்போது கேட்டால் திணறுவேன். எண்பது வயது மூதாட்டிக்கு நரம்பு கிடைக்காமல் போவது போன்ற சிக்கலைப் படையில் பார்த்ததில்லை. ஆகவே நாளைக்கே என்னைச் செவிலியர் நாற்காலியில் உட்காரவையுங்கள் என்று கேட்டால் நான் பைத்தியக்காரன். நான்கு ஆண்டுகள் படித்த பிள்ளைகளின் இடத்தைப் பறிக்கவும் வரவில்லை. தெரியாததை மட்டும் கற்றுக்கொடுங்கள், தெரிந்ததை மறுபடியும் கற்பிக்காதீர்கள்.

கதவை இப்படியே சாத்தி வைத்தால் என்ன நடக்கிறது என்பது நீங்கள் அறியாததல்ல. வாரத்தில் இரண்டு நாளாவது யாராவது என் வீட்டுத் திண்ணைக்கு வருகிறார்கள். “மிலிட்டரி அண்ணாச்சி, காய்ச்சல் விடவில்லை, ஒரு ஊசி போட்டுவிடுங்கள்.” கையில் மருந்துக்கடையில் வாங்கிய ஊசியும் மருந்தும் இருக்கும். ஐம்பது ரூபாயை மடித்துத் திண்ணையில் வைப்பார்கள். நான் போடுவதில்லை. வெப்பம் பார்த்து, ரத்த அழுத்தம் பார்த்து, ஆரம்ப சுகாதார நிலையத்துக்குப் போகச் சொல்லி அனுப்புகிறேன். பாதிப் பேர் கோபித்துக்கொண்டு, இரண்டு தெரு தள்ளி எதுவும் படிக்காத ஒருவரிடம் போய்ப் போட்டுக்கொள்கிறார்கள். என்னைப் போல வந்தவர்களில் சிலர் போடவும் செய்கிறார்கள், எனக்குத் தெரியும். அது குற்றம். அவர்கள் பிடிபட்டால் போலி மருத்துவர் என்று செய்தியில் படம் வரும். அவர்களுக்கு நான் வக்காலத்து வாங்கவில்லை. ஆனால் டாக்டரின் கண்ணுக்குக் கீழே, பதிவேட்டில் பெயர் எழுதி, முறையாக வேலை செய்யும் வழியை மூடியது யார் என்றும் ஒரு வரி அந்தச் செய்தியில் வர வேண்டும்.

என் வாசல் வேலையைப் பற்றிக் கொஞ்சம். போன மாசி மாதம் நான்குவழிச் சாலையில் பைக்கில் அடிபட்ட ஒருவரை ஒரு வேனில் தூக்கிக்கொண்டு வந்தார்கள். தோளைப் பிடித்து ஒருவர், காலைப் பிடித்து ஒருவர், தலை பின்னால் தொங்குகிறது. நான் ஓடிப்போய்த் தலையை இரண்டு பக்கமும் பிடித்துக்கொண்டு, பலகை வரும்வரை அசைக்க வேண்டாம் என்றேன். பலகை வந்தது, ஒன்று இரண்டு மூன்று சொல்லி ஒரே கட்டையாகத் திருப்பி ஏற்றினோம். மறுநாள் மேலாளர் அழைத்து, “உங்கள் வேலை கேட் வரைக்கும்தான். நோயாளியைத் தொட்டால் நாளைக்கு வழக்கு என்றால் யார் பதில் சொல்வது?” என்று கேட்டார். அவர் கேட்டதிலும் நியாயம் இருக்கிறது. ரோட்டில் விழுந்தவரைத் தூக்கினால் மோட்டார் வாகனச் சட்டம் நல்லெண்ண உதவியாளர் என்று என்னைக் காக்கிறது. ஆஸ்பத்திரிக் கேட்டைத் தாண்டிவிட்டால் நான் விசில் ஊதுகிறவன். விபத்துக்குப் பின் முதல் 48 மணி நேரத்துக்கென்று 2021-இல் தனித் திட்டமே போட்ட மாநிலம் இது. அந்த 48 மணியின் முதல் ஐந்து நிமிடத்தில் யார் தலையைப் பிடிக்கிறார் என்பதையும் கொஞ்சம் பாருங்கள்.

இனி நான் கேட்பது.

முதலில், சோதியுங்கள். எழுத்துத் தேர்வு, கைவேலைத் தேர்வு, இரண்டும். பொம்மையின் மேல் உயிர்காப்பு, டிரிப் ஏற்றுவது, ரத்தப்போக்கை நிறுத்துவது, ஸ்ட்ரெச்சர் மாற்றுவது, மருந்தளவுக் கணக்கு. அரசு மருத்துவக் கல்லூரிப் பேராசிரியர்களே தேர்வாளர்களாக இருக்கட்டும். ராணுவத்தார் யாரும் பக்கத்தில் வேண்டாம், சலுகை என்ற பேச்சு வரக் கூடாது. தேறாதவரைத் திருப்பி அனுப்புங்கள்.

தேறியவருக்கு ஆறு மாதம் இணைப்புப் பயிற்சி. மகப்பேறு, குழந்தைகள், முதியோர், தொற்றா நோய்கள், ஊர்ச் சுகாதாரம். ஐகிரவுண்டில் வைத்தால் தெற்கத்திக்காரர்கள் வீட்டிலிருந்தே வந்து படிப்போம். மருத்துவர் உதவியாளர் படிப்பில் சேர விரும்புகிறவருக்கு, தேர்வு முடிவைப் பார்த்து நேரடியாக மேல் ஆண்டில் இடம் தர வழி செய்யுங்கள்.

அடுத்து, பணி அறிவிப்பில் அந்த ‘அல்லது’ வேண்டும். தேர்வும் பயிற்சியும் முடித்த ராணுவ மருத்துவப் படையினர் விண்ணப்பிக்கலாம் என்று ஒரு வரி. அதோடு வயதையும் பாருங்கள். ஆம்புலன்ஸ் உதவியாளர் வேலைக்கான ஓர் அறிவிப்பில் 30 வயதுக்கு மேல் கூடாது என்று பார்த்தேன். பதினேழரை வயதில் படையில் சேர்ந்து, ஓய்வூதியத்துக்கு வேண்டிய 15 ஆண்டுகள் மட்டும் முடித்து வந்தாலே ஒருவருக்கு முப்பத்திரண்டரை ஆகிவிடும். ஒப்பந்த வேலைக்கு முன்னாள் படைவீரர் வயதுச் சலுகை கிடையாது என்றார்கள். ஓய்வூதியம் வாங்கும் வயதில் ஊர் திரும்பிய ஒருவராலும் ஏற முடியாத வண்டி அது.

கடைசியாக, ‘உரிய தகுதி இல்லை’ என்று எழுதி அனுப்பும்போது, எந்தத் தகுதி, எவ்வளவு குறைகிறது, அதை எங்கே பெறலாம் என்று இன்னும் ஒரு வரி சேர்த்து, கீழே பெயரோடு கையெழுத்துப் போடுங்கள். என் டிஸ்சார்ஜ் புக்கின் ஒவ்வொரு பக்கத்திலும் ஓர் அதிகாரியின் கையெழுத்து இருக்கிறது, பெயரோடும் பதவியோடும். அவர்களில் யாரும் சுழி போட்டுவிட்டுப் போகவில்லை.

இந்த மடலுக்கு எழுத்தில் பதில் வேண்டுகிறேன். தேர்வு என்றைக்கு வைத்தாலும், எந்த ஊரில் வைத்தாலும் வருகிறேன். எனக்கு இரவு டூட்டி. காலை ஆறு மணிக்கு இறங்குவேன். அதற்குப் பிறகு எந்த நேரமும் சரி.

இப்படிக்கு,
முன்னாள் ஹவில்தார், நர்ஸிங் அசிஸ்டென்ட் முதல் வகுப்பு,
ராணுவ மருத்துவப் படை,
நாங்குநேரி வட்டம், திருநெல்வேலி மாவட்டம்.